நுனியில் உயிர், அடியில் மண்

கண்டி நகரை மூன்று புறமும் வளைத்தோடும் மகாவலி கங்கையின் தலைநீர்களுள் சில, நகருக்குத் தெற்கே நுவரெலியா மாவட்டத்தில், கடல்மட்டத்துக்கு மேல் 2100 முதல் 2300 மீற்றர் வரையான உயரத்தில் விரிந்து கிடக்கும் ஹோட்டன் சமவெளியில் ஊற்றெடுக்கின்றன. சிங்கள மக்கள் மகா எலிய என்று அழைக்கும் அச்சமவெளியில், பத்தனை எனப்படும் மலைப் புல்வெளிகள் தாழ்ந்து மடியும் இடங்களில் நீர் வடிய வழியின்றித் தேங்கிச் சதுப்பாகிறது. அங்கே கோரைக்கும் குட்டை மூங்கிலுக்கும் நடுவே வெளிறிய பச்சை நிறத்தில் திட்டுத்திட்டாகப் படர்ந்திருக்கும் தாவரமே ஸ்பக்னம் என்னும் சதுப்புப் பாசி. வேரும் பூவும் விதையும் இல்லாத இச்சிறு தாவரம், உயிர் என்றால் என்ன என்று கேட்கும் சமயத் தத்துவங்களுக்குப் பெரிய மரங்களைவிடக் கடினமான வினாவை எழுப்புகிறது. ஓருடலுக்கு ஓருயிர் என்றும், பிறப்பு ஒரு முனை இறப்பு மறுமுனை என்றும், உயிருள்ளது வேறு மண் வேறு என்றும் மனிதர் இயல்பாகக் கொண்டிருக்கும் மூன்று கணக்குகளும் இதன் முன்னே தடுமாறுகின்றன.

ஸ்பக்னம் பெரும்பாலும் வடதிசைக்கு உரியது. கனடா, சைபீரியா, ஸ்கொட்லாந்து போன்ற இடங்களின் குளிர்ந்த சதுப்புகளிலும், மலைகளில் மரங்கள் வளரக்கூடிய மேல் எல்லைக்குச் சற்றுக் கீழே அமைந்த உப அல்பைன் பட்டியிலும் அது செழித்து வளர்கிறது. இலங்கையில் அத்தகைய பட்டி கண்டிப்பான பொருளில் இல்லை. நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையே 2524 மீற்றர்தான், அதன் உச்சிவரை காடு உண்டு. ஆயினும் ஹோட்டன் சமவெளியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 13 பாகை செல்சியஸ்; மழை ஆண்டுக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல்; மழை இல்லாத நாட்களிலும் முகில் தரையைத் தொட்டுச் செல்லும்; டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை விடியற்காலையில் பள்ளங்களில் உறைபனி படியும். வெப்பவலயத்தின் நடுவே குளிர்நாட்டுத் தாவரம் ஒன்று குடியிருக்க இவ்வளவும் போதுமானதாக இருக்கிறது. நீலகிரியின் உயரமான சதுப்புகளிலும் இதே பேரினம் உண்டு.

இத்தாவரத்தின் அமைப்பே தத்துவ வினாவின் முதற்பாதி என்பதால் அதைச் சற்று நெருங்கி நோக்க வேண்டும். ஒரு தண்டு, அதன் உச்சியில் இளங்கிளைகள் நெருங்கித் திரண்ட ஒரு தலை, கீழே இடைவிட்டு இடைவிட்டுக் கொத்தாகப் பிரியும் கிளைகள். ஒவ்வொரு கொத்திலும் சில கிளைகள் வெளிநோக்கி நீள, சில தண்டோடு ஒட்டிக் கீழ்நோக்கித் தொங்கும். தொங்குபவற்றுக்கும் தண்டுக்கும் இடையிலான நுண்ணிய இடுக்குகளின் வழியே நீர் மேலேறும். உயர் தாவரங்களில் நீரைக் கடத்தும் காழ் என்னும் இழையம் இதில் இல்லை. இலை ஒரே ஒரு கலத்தின் தடிப்பே உடையது. நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் அவ்விலையில் இருவகைக் கலங்கள் தெரிகின்றன: ஒடுங்கிய, பச்சையம் நிறைந்த, உயிருள்ள கலங்கள் வலைக்கண்களின் இழைகளாக ஓட, அவ்விழைகளுக்கு இடையில் அகன்ற, நிறமற்ற, உள்ளீடற்ற கலங்கள் இருக்கின்றன. நிறமற்றவை முதிரும்போதே இறந்துவிடுபவை. இறந்த பின் அவற்றின் சுவர் சரிந்துவிடாதபடி சுருள் வளையங்கள் உள்ளிருந்து தாங்குகின்றன. சுவரில் உள்ள துளைகள் வழியாக நீர் உட்புகுந்து நிறைகிறது. இனத்துக்கு இனம் வேறுபட்டாலும், உலர்ந்த எடையைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு நீரை ஸ்பக்னம் தாங்கிக்கொள்வது இந்த இறந்த கலங்களால்தான். வறண்ட மாதங்களில் அவை வெறுமையாகிக் காற்றால் நிறையவே பாசி வெண்மையாகத் தோன்றுகிறது. மழை விழுந்ததும் பச்சை மீள்கிறது.

ஆக, இலையின் பரப்பில் பெரும்பகுதி பிணம். உயிருள்ள கலங்கள் தம் நீருக்கு அப்பிணங்களையே நம்பி வாழ்கின்றன. மரத்தின் வைரமும் இறந்த கலங்களால் ஆனதே என்று ஒருவர் மறுக்கலாம், மறுப்பு சரியே. ஆனால் மரத்தில் அது பட்டைக்குள் மறைந்திருக்கிறது, பாசியிலோ ஒரே கலத் தடிப்புள்ள இலையில் இறந்ததும் வாழ்வதும் அடுத்தடுத்து, ஒன்றின் சுவர் மற்றொன்றின் சுவராக நிற்கின்றன. இறப்பு என்பது வாழ்வு முடிந்தபின் வருவது என்னும் கணக்கு இந்த இலையைப் பொறுத்தவரை செல்லாது.

இரண்டாவது தடுமாற்றம் தாவரத்தின் நீளத்தில் உள்ளது. ஸ்பக்னம் உச்சியில் வளர்ந்துகொண்டே போகையில் அடிப்பகுதி ஒளியின்றி இறக்கிறது, ஆனால் அழுகிக் கரைந்து போவதில்லை. மழைநீரில் கரைந்துள்ள கல்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் அயன்களைப் பாசியின் கலச்சுவர் பற்றிக்கொண்டு, ஈடாக ஐதரசன் அயன்களை வெளிவிடுகிறது. அதனால் சுற்றியுள்ள நீர் அமிலமாகிறது. அமிலமும் குளிரும் ஒட்சிசன் இன்மையும் சேர்ந்து பற்றீரியாக்களைத் தளரச் செய்ய, இறந்த பகுதி அரைகுறையாகவே சிதைந்து, அடுக்கின்மேல் அடுக்காகப் படிகிறது. இப்படிவே முற்றா நிலக்கரி. உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 சதவீதத்தையே மூடியிருக்கும் இத்தகைய படிவுகள், உலகக் காடுகளின் மரங்கள் அனைத்திலும் உள்ள காபனைவிட அதிகக் காபனைத் தம்முள் வைத்திருக்கின்றன. ஹோட்டன் சமவெளியின் படிவு ஸ்பக்னத்தால் மட்டும் உண்டானதன்று. கோரையும் புல்லும் அதில் பெரும்பங்கு கொண்டவை. அதன் அடிப்பகுதி ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் பழமையானது என்பதைக் காபன் காலக்கணிப்பின் வழியே இலங்கை, சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்டனர். அப்படிவில் அடுக்கடுக்காக அகப்பட்டுள்ள மகரந்த மணிகளைக் கொண்டு, எக்காலத்தில் பருவமழை மிகுந்தது, எக்காலத்தில் புல்வெளி காட்டை வென்றது என்பனவற்றை அவர்கள் வாசிக்க முடிந்தது.

பூவின் நிலையாமை கண்டியில் அன்றாடம் நினைக்கப்படும் பொருள். புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டுள்ள தலதா மாளிகைக்கு வருவோர் தாமரையும் அல்லியும் அரலியும் ஏந்தி வந்து படைக்கும்போது, இம்மலர் வாடுவதுபோல் இவ்வுடலும் அழியும் என்று எண்ணிப் படைப்பது பௌத்த வழிபாட்டின் மரபு. மாலைக்குள் வாடும் அப்பூவின் மகரந்தம், அமிலச் சதுப்பில் விழுந்தால் இருபதாயிரம் ஆண்டு உருக்குலையாமல் கிடக்கக்கூடும் என்பது அந்நினைவுக்கு முரணாகத் தோன்றலாம். டென்மார்க்கின் ஒரு சதுப்பில் 1950இல் வெளிப்பட்ட, தொல்லண்ட் மனிதன் எனப்படும் உடல் அதைவிட வலிய முரண்: ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் இறந்த அம்மனிதனின் முகத்தில் தாடிமயிர் முளைகள் இன்றும் தெரிகின்றன. ஆனால் நிலையாமைக் கொள்கையை இது அசைப்பதில்லை. அநிச்சம் என்று பாளி நூல்கள் கூறுவது, ஒரு பொருள் விரைவில் அழியும் என்பதை அன்று. காரணங்களால் கூடிய யாவும் அக்காரணங்கள் விலகும்போது மாறும் என்பதையே. சதுப்பை வடிகால் வெட்டி உலர்த்தினால், ஒட்சிசன் உட்புகுந்து, ஆயிரமாண்டுப் படிவு சில பத்தாண்டுகளில் காபனீரொட்சைட்டாகக் காற்றில் கலந்துவிடும்.

இலங்கையின் பாசிகள் ஏட்டில் ஏறிய கதையும் கண்டிச் சூழலுக்கே உரியது. பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821இல் நிறுவப்பட்டது. 1849 முதல் 1880 வரை அதன் தலைமையில் இருந்த துவைற்ஸ், இலங்கைக்கு வருமுன்பே தயற்றம் எனப்படும் நுண்ணுயிரிகளின் இணைவை நுணுக்குக்காட்டியில் கண்டறிந்தவர் ஆதலால், பிறர் மிதித்துச் சென்றவற்றைக் குனிந்து பார்க்கும் பழக்கம் உடையவராக இருந்தார். அவர் சேர்த்த பாசிகளை இங்கிலாந்தில் மருந்துக்கடை நடத்திவந்த வில்லியம் மிற்றன் ஆராய்ந்து 1873இல் வெளியிட்டார். (அல்பிரட் ரசல் வலஸின் மாமனார் இவர், பரிணாமக் கொள்கையின் இரு மூலவருள் ஒருவருக்குப் பாசி அறிஞர் ஒருவர் மாமனாராக வாய்த்தது நல்ல பொருத்தம்.) அதே 1873இல்தான், தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் அறிவுரைப்படி, 5000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழிக்கலாகாது என்னும் ஆணையும் இலங்கையில் பிறந்தது. கோப்பித் தோட்டங்கள் கண்டி மலைகளை மொட்டையடித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்த ஆணை இல்லாதிருந்தால், ஹோட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்படும்வரை மிஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

இனி, எண்ணிக்கை பற்றிய வினா. ஸ்பக்னம் வித்திகளாலும் பரவும். அதன் சிறிய உருண்டை வித்துறை வெயிலில் உலர்ந்து சுருங்க, உள்ளே அழுத்தப்பட்ட காற்று மூடியைத் தெறித்து வித்திகளைப் பத்துச் சென்ரிமீற்றருக்கும் மேலே எறிகிறது. ஆனால் அதைவிடச் சாதாரணமாக நடப்பது வேறு. தண்டு உச்சியில் இரண்டாகப் பிரியும். அடி இறந்து பிரிவு வரை வந்ததும் ஒரு தாவரம் இரண்டு தாவரமாகிவிடும். அறுந்த கிளைத்துண்டும் புதிதாக வளரும். ஹவாய்த் தீவின் கொஹாலா மலையில் பரந்து கிடக்கும் ஸ்பக்னம் முழுவதும், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு வந்து சேர்ந்த ஒரே தாவரத்தின் வழிவந்தது என மரபணு ஆய்வாளர் கருதுகின்றனர். அப்படியானால் ஒரு சதுரஅடிச் சதுப்பில் இருப்பது ஓருயிரா, நூறா? பிரிந்தபோது ஓருயிர் இரண்டாயிற்றா, அல்லது இரண்டாவது உயிர் ஒன்று வந்து புகுந்ததா?

தமிழ் மரபு தாவரத்தை உயிர் வரிசையில் எப்போதும் சேர்த்தே எண்ணியது. தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் தொடுதலால் மட்டும் அறியும் ஓரறிவுயிராக வைக்கிறது. மாணிக்கவாசகரின் சிவபுராணம் உயிர் எடுத்து இளைக்கும் பிறப்புகளின் வரிசையில் புல்லையும் பூண்டையும் முதலில் நிறுத்துகிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை முதலாகக் கொண்ட சைவ சித்தாந்தத்தில், உயிர்கள் எண்ணற்றவை. ஒவ்வொன்றும் அநாதியானது, தனித்தனியானது. வினைக்கு ஏற்ப உடல் எடுத்து, சார்ந்ததன் வண்ணமாகி நிற்பது. இந்நோக்கில் பாசி பிரியும்போது உயிர் பிளவுபடுவதில்லை. பிரிந்த உடலைத் தனக்குரியதாகக் கொள்ளும் வேறோர் உயிர் அங்கு வந்து பிறக்கிறது என்றே விடை கூற வேண்டும். விடையில் முரண் எதுவும் இல்லை. எனினும் அப்பிறப்பு எக்கணத்தில் நிகழ்ந்தது என்று சுட்ட இயலாமையால், அது நம்பிக்கையின் வலிமையில் நிற்கிறதே ஒழிய நோக்கின் வலிமையில் நிற்பதில்லை. சமணம் இவ்விடத்தில் கூர்மையானது. தனியுடல் கொண்ட தாவரங்களையும், எண்ணற்ற உயிர்கள் ஒரே உடலைப் பங்கிட்டு ஒன்றாய் உண்டு ஒன்றாய் மூச்சுவிடும் பொதுவுடல் தாவரங்களையும் சமணர் வேறுபடுத்தி, பாசி போன்றவற்றைப் பின்னதில் வைத்தனர். சதுப்பில் காணப்படுவதை இவ்வளவு அண்மித்துச் சொன்ன பழங்கொள்கை வேறில்லை. நிகண்டர் என்ற பெயரில் பண்டைய அனுராதபுரத்தில் சமணர் வாழ்ந்ததை மகாவம்சம் குறிப்பிட்டாலும், அவர்களுடைய இக்கருத்து மலைநாட்டுக்கு ஏறி வரவில்லை என்பது தத்துவ வரலாற்றின் சிறு இழப்பு.

பௌத்தம் உயிர்ப்பொருள் ஒன்று உண்டு என்பதையே ஏற்காததால், எத்தனை உயிர் என்ற வினாவை அது தாண்டிச் செல்கிறது. அதற்கு எஞ்சுவது தொடர்ச்சி பற்றிய வினா. கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) நாயக்கர் மரபில் வந்தவன். அவன் ஆட்சியில்தான் சியாமிலிருந்து வந்த பிக்குகளால் 1753இல் உபசம்பதை என்னும் முழுத்துறவுச் சடங்கு மீட்கப்பட்டது. தொடர்ச்சி பற்றிய அவ்வினாவை எடுத்துப் பேசும் மிலிந்த பஞ்ஹம் என்னும் பாளி நூலை, அவன் காலத்திலேயே ஹீனட்டிகும்புரே சுமங்கல தேரர் சிங்களத்தில் ஆக்கினார். பிறந்த குழந்தையும் வளர்ந்த மனிதனும் ஒருவரா இருவரா என்று மிலிந்த மன்னன் கேட்க, அதுவே என்றும் சொல்ல முடியாது, வேறு என்றும் சொல்ல முடியாது என்று நாகசேனர் என்னும் பிக்கு இரவு முழுவதும் எரியும் விளக்கைக் காட்டி விளக்கும் பகுதி அந்நூலில் புகழ்பெற்றது. இலங்கை பௌத்தருக்கு இது ஏட்டு வினா மட்டுமன்று: அனுராதபுரத்து மகாபோதி, கயையில் நின்ற மரத்தின் தென்கிளை, கண்டி நாத தேவாலய வளவிலும் தீவெங்கும் விகாரைகளிலும் நிற்கும் போதிகள் அம்மரபின் கிளைகளாகவே வணங்கப்படுகின்றன. கிளையை மரமாக ஏற்கும் மனம், நுனியைப் பாசியாக ஏற்பதில் தயங்காது. ஆனால் விளக்கு உவமைக்கும் பாசிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சுடர் தான் எரித்துக் கடந்த எண்ணெயை விட்டுவைப்பதில்லை. பாசியின் கடந்த நிலைகள் யாவும் அதன் காலடியிலேயே, அதே தண்டில், கிடக்கின்றன. முதல் யாமத்துச் சுடரும் மூன்றாம் யாமத்துச் சுடரும் ஒரே நேரத்தில் ஒரே திரியில் நின்றால் நாகசேனர் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்பது நியாயமானதே.

பாசியைப் பொறுமைக்கும் அடக்கத்துக்கும் அடையாளமாக்கிப் பேசும் ஒரு போக்கு அண்மைக்கால இயற்கை எழுத்தில் உண்டு. அது உண்மைக்குப் பொருந்தாது. தன் சுற்றுப்புறத்தை அமிலமாக்கி, உணவுச் சத்துகளைத் தான் பற்றிக்கொண்டு, போட்டித் தாவரங்களை அண்டவிடாமல் செய்யும் ஸ்பக்னம் அகிம்சையின் உருவம் அன்று. அதனை வெட்டாமல் விடுவதற்கு அதன் நல்லொழுக்கத்தைக் காரணம் காட்டத் தேவையும் இல்லை.

அக்காரணத்தை எங்கே தேடுவது என்பதற்கு, கண்டியின் மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களின் பிக்குகள் தம் ஒழுக்க விதித் தொகுப்பான பாதிமோக்கத்தை ஓதும்போது உச்சரிக்கும் இரு விதிகள், மேற்கூறிய கொள்கைகளைவிடப் பயனுள்ள துணையாகின்றன. தாவரத்தை அழித்தல் குற்றம் என்பது, அவற்றுள் பாசித்தியம் எனப்படும் வகை விதிகளில் 11ஆவது. விநய பிடகத்தின்படி, ஆளவி நகரில் கட்டட வேலை செய்த பிக்குகள் மரங்களை வெட்டியபோது, ஒரு மரத்தில் குடியிருந்த தேவதையின் குழந்தையின் கையில் கோடரி பட்டது. ஊராரும் சாக்கிய புத்திரரான இப்பிக்குகள் ஓரறிவுடைய உயிரைத் துன்புறுத்துகிறார்கள் என்று குறைகூறினர். விதியை வகுக்கையில் புத்தர் கூறியதாக நூல் தருவது, மரத்துக்கு உயிர் உண்டு என்ற தீர்ப்பை அன்று. மக்கள் மரத்தில் உயிர் உண்டென எண்ணுகிறார்கள் என்பதே அங்குக் கூறப்படும் காரணம். தாவரம் உணர்வுடையதா என்பது பற்றி ஆதி பௌத்தத்தின் நிலை தெளிவற்றது என்பதை ஜேர்மானிய அறிஞர் லம்பேர்ட் ஷ்மித்ஹவுசன் 1991இல் ஒரு தனிநூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தெளிவின்மை அறிவுக்குக் குறையாகலாம். ஒழுக்கத்துக்கு அது தடையாகவில்லை என்பதே இவ்விதியின் சிறப்பு. ஒன்றுக்கு உயிர் உண்டா என்று நிறுவியபின்தான் கையை மடக்குவது என்றிருந்தால், கை ஒருபோதும் மடங்காது.

அவ்விதியின் விளக்கம் தாவரங்களை அவை எதிலிருந்து முளைக்கின்றன என்பதைக் கொண்டு ஐந்தாக வகுக்கிறது: வேர், தண்டு, கணு, நுனி, விதை. வேரும் விதையும் இல்லாத ஸ்பக்னம், நுனியிலிருந்து முளைப்பவற்றுள் சிக்கலின்றி இடம்பெறும். பச்சைத் தலையைக் கிள்ளும் பிக்கு 11ஆவது விதியை மீறியவர் ஆவார். ஆனால் மண்வெட்டியை ஆழ இறக்கினால் எந்த விதி? அதற்கு முந்திய 10ஆவது விதி நிலத்தைத் தோண்டுவதைத் தடுக்கிறது. அதுவும் ஆளவியிலேயே, ஓரறிவுயிருக்குத் துன்பம் என்ற அதே குறைகூறலின்மேல் பிறந்தது. பச்சை நுனி தாவரம், அடிக்கரி நிலம் என்று பிரிப்பது எளிது. இடையில் உள்ள ஒரு சாண் அளவில் பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகும்போது, தண்டும் கிளைக்கொத்தும் உருமாறாமல் தொடர்ந்துகொண்டே போக, தாவரம் எந்த இடத்தில் நிலமாகிறது என்று கோடு கிழிக்க விநய விதிகளில் வல்ல விநயதரராலும் இயலாது, தாவரவியலாளராலும் இயலாது. விநயம் இவ்விரு விதிகளையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறது. இரண்டுக்கும் உரிய பிராயச்சித்தமும் ஒன்றே, இன்னொரு பிக்குவிடம் குற்றத்தைச் சொல்லி ஒப்புக்கொள்வது. சதுப்பைத் தோண்டிய பிக்கு தான் வெட்டியது செடியா மண்ணா என்று அறியாமலே அதைச் செய்துவிடலாம்.